நேர்கோட்டில் 340 கி.மீ.: போய்ச்சேர எவ்வளவு நேரம்?

சேலத்திலிருந்து தூத்துக்குடி எவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்த மாணவர் 340 கி.மீ. என்பார். கைப்பேசி வரைபடத்தில் சாலை வழியைத் தேடியவர் 390 கி.மீ.க்கு அருகில் ஓர் எண்ணைச் சொல்வார். விமானத்தில் சென்னை வந்து மாறிப் போகலாம் என்று நினைப்பவரின் கணக்கு 790 கி.மீ.யைத் தாண்டும். நான்காவது மாணவர் "ஏழு மணி நேரம்" என்று மட்டும் சொல்வார். நான்குமே சரியான விடைகள்தாம். கேள்வி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொருவரும் அளந்தது வேறு வேறு.

இந்த நான்கு விடைகளுக்கும் தேவையான பாடங்கள் நம் பாடநூல்களில் தனித்தனியே இருக்கின்றன. அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் சமூக அறிவியலில். தொலைவும் இடப்பெயர்ச்சியும் அறிவியலில். இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் காணும் சூத்திரம் கணக்கில். மூன்று ஆசிரியர்கள் மூன்று வேறு மாதங்களில் நடத்துவதால், இவை ஒரே பொருளைப் பற்றியவை என்பது பல மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. இரண்டு சிறிய விமான நிலையங்களையும் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு ரயில் நிலையங்களையும் கொண்டு இவற்றை இணைத்துக் காட்டலாம். அந்தக் கணக்கு கடைசியில் பள்ளிக்கு நடந்து வரும் ஒரு குழந்தையிடம் வந்து நிற்கும்.

ஒரே தீர்க்கக்கோட்டில் இரு நிலையங்கள்

சேலம் விமான நிலையம் ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் நகருக்கு மேற்கே வாகைக்குளத்தில் இருக்கிறது. இரண்டும் சென்னை, கோவை போன்று பெரியவை அல்ல. நாளொன்றுக்குச் சில விமானங்கள் வந்துபோகும் நிலையங்கள். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க ஒன்றிய அரசு 2016இல் அறிவித்த 'உடான்' திட்டத்தின் கீழ், 2018 மார்ச்சில் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே விமானம் பறக்கத் தொடங்கியது. இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது.

இவற்றின் இருப்பிடத்தைத் தசம எண்களில் எழுதுவோம்.

சேலம்: வட அட்சம் 11.78°, கிழக்குத் தீர்க்கம் 78.06°
தூத்துக்குடி: வட அட்சம் 8.72°, கிழக்குத் தீர்க்கம் 78.03°

தீர்க்க எண்களைப் பாருங்கள். வேறுபாடு 0.03° மட்டுமே. அதாவது தூத்துக்குடி, சேலத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. எனவே அட்ச வேறுபாட்டை மட்டும் எடுத்தால் போதும்.

11.78 − 8.72 = 3.06°

புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. எனவே,

3.06 × 111 = 339.66, அதாவது சுமார் 340 கி.மீ.

கழித்தலும் பெருக்கலும் தெரிந்த ஆறாம் வகுப்பு மாணவர் இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவைத் தானே கண்டுபிடித்துவிட்டார். அட்சக்கோடு என்பது உலக உருண்டையின்மேல் வரைந்த கோடு மட்டுமே என்று நினைத்திருந்தவருக்கு, அதைக் கொண்டு அளக்கவும் முடியும் என்பது இங்கேதான் புரியும்.

அடுத்து, கிழக்கு மேற்காக அமைந்த ஓர் இணையை எடுப்போம். புதுச்சேரி விமான நிலையம் 11.97° வட அட்சம், 79.81° கிழக்குத் தீர்க்கத்தில் இருக்கிறது. சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் தீர்க்க வேறுபாடு 1.75°. இதையும் 111ஆல் பெருக்கலாமா? கூடாது. தீர்க்கக்கோடுகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. 12° அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கத்தின் நீளம் 111 × கொசைன் 12°, அதாவது சுமார் 108.6 கி.மீ. எனவே கிழக்கு மேற்கு வேறுபாடு 1.75 × 108.6 = 190 கி.மீ. வடக்கு தெற்கு வேறுபாடு 0.19 × 111 = 21 கி.மீ. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் கர்ணம் சுமார் 191 கி.மீ. ஒன்பதாம் வகுப்பின் தொலைவுச் சூத்திரம் இதுவே.

புவி உருண்டைதானே, தட்டையான தாளில் போடும் கணக்கு எப்படிச் சரியாகும் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்டால் பாராட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கில் வரும் பிழை மிகச் சிறியது. சென்னையிலிருந்து லண்டன் போன்ற நெடுந்தொலைவுகளுக்கு இது பொருந்தாது. அங்கே உருண்டையின்மேல் செல்லும் பெருவட்டப் பாதையைக் கணக்கிட வேண்டும்.

78ஆம் தீர்க்கத்தின் கதை

சேலமும் தூத்துக்குடியும் 78° தீர்க்கத்தை ஒட்டி இருப்பதால் இன்னொரு பயன் உண்டு. இந்தியாவை அறிவியல் முறையில் அளந்த வரலாற்றில் இந்தக் கோட்டுக்கு முக்கிய இடம் இருக்கிறது.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அந்தக் கோட்டை அளக்க 57 நாட்கள் ஆயின. அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தைப் பார்த்து, கோணங்களை மட்டும் அளந்தால் போதும். மற்ற இரு பக்கங்களையும் திரிகோணமிதி தந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி, 78° தீர்க்கத்தை ஒட்டித் தெற்கே குமரிமுனை வரையும் வடக்கே இமயம் நோக்கியும் அந்த அளவீடு நீண்டது. பெருவில் என்று வரலாற்றில் பெயர்பெற்றது இதுவே.

குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களின்மேல் ஏறி அளந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் அதைப் பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தினார். பத்தாம் வகுப்பில் 'உயரங்களும் தொலைவுகளும்' நடத்தும்போது இந்த நிகழ்ச்சியைச் சொன்னால், கோண அளவீடு எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு நம் மண்ணிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

ஒரு பாகை அட்சத்தின் நீளம் எவ்வளவு என்பது லாம்டன் விடை தேடிய கேள்விகளில் முக்கியமானது. நாம் இன்று "ஒரு பாகைக்கு 111 கி.மீ." என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்த எண் உறுதிப்பட அவரைப் போன்றவர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

சென்னை வழியாகப் போனால்

நேர்கோட்டுத் தொலைவு 340 கி.மீ. சிறு நகரங்களுக்குப் பறக்கும் 70 இருக்கைகள் கொண்ட விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது. 340ஐ 500ஆல் வகுத்தால் 0.68 மணி, அதாவது 41 நிமிடம். ஓடுபாதைக்குச் செல்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் எனலாம்.

ஆனால் சிறு நிலையங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நினைத்தபடி நேராகப் பறந்துவிட முடியாது. பெரும்பாலும் பெரிய நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கே வேறு விமானம் மாற வேண்டும். சென்னை வழியாகச் செல்வதாக வைத்துக்கொள்வோம். சென்னை விமான நிலையத்தின் இருப்பிடம் 12.99° வட அட்சம், 80.17° கிழக்குத் தீர்க்கம். மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால்,

சேலம் முதல் சென்னை: சுமார் 265 கி.மீ.
சென்னை முதல் தூத்துக்குடி: சுமார் 528 கி.மீ.
மொத்தம்: சுமார் 793 கி.மீ.

தெற்கே போக வேண்டியவர் முதலில் வடகிழக்கே போகிறார். அவருடைய இடப்பெயர்ச்சி 340 கி.மீ.; கடந்த தொலைவு 793 கி.மீ. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2.3. இடப்பெயர்ச்சி என்ற சொல்லை விளக்க, மைதானத்தைச் சுற்றி ஓடும் மாணவரின் எடுத்துக்காட்டை நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அதில் விடை சுழியமாக வருவதால் சில மாணவர்கள் அதை ஒரு விளையாட்டுக் கணக்காக எண்ணிவிடுகிறார்கள். இந்த விமானப் பயணத்தில் இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு காசாகவும் நேரமாகவும் கண்முன் தெரிகிறது.

நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். கீழே உள்ளவை வகுப்புக் கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவுகள். உங்கள் மாணவர்கள் வேறு அளவுகளையும் வைத்துப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்து சேலம் நிலையம்: 45 நிமிடம்
முன்கூட்டியே சென்று காத்திருப்பது: 90 நிமிடம்
சேலம் முதல் சென்னை: 60 நிமிடம்
சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது: 120 நிமிடம்
சென்னை முதல் தூத்துக்குடி: 90 நிமிடம்
பெட்டியை எடுத்து வெளியே வருவது: 30 நிமிடம்
வாகைக்குளத்திலிருந்து நகருக்குள் செல்வது: 30 நிமிடம்

மொத்தம் 465 நிமிடம். 7 மணி 45 நிமிடம். இதில் விமானத்துக்குள் கழிந்த நேரம் 150 நிமிடம், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே பயணத்தை நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சாலையில் சென்றால் ஏறத்தாழ 390 கி.மீ.; காரில் சுமார் 7 மணி நேரம் ஆகலாம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஊர்தி, மணிக்கு 56 கி.மீ. சராசரியில் செல்லும் காருக்குப் பின்னால் வந்து சேர்கிறது.

இதிலிருந்து விமானம் பயனற்றது என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. காத்திருக்கும் நேரமும் நிலையத்துக்குப் போய்வரும் நேரமும் பயணத்தின் நீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை. 340 கி.மீ.க்கும் அதே ஒன்றரை மணி நேரக் காத்திருப்புதான், 2,000 கி.மீ.க்கும் அதேதான். தொலைவு கூடக்கூட அந்த நிலையான பகுதியின் பங்கு குறைகிறது. விமானத்தின் வேகம் பலன் தருகிறது. மறுபக்கம், சென்னை விமான நிலையத்துக்கும் ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ.தான். பறக்கும் நேரம் பன்னிரண்டு நிமிடம் என்று கணக்கு சொல்லும். ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குள் காரில் திருவள்ளூரைக் கடந்திருக்கலாம். நிலையான பகுதி, மாறும் பகுதி என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பின்னாளில் நேரியல் சமன்பாடுகளைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும்

விமானத்தில் ஏறியிராத மாணவர்களுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அதற்கு நம் மாவட்டத்திலேயே இதே அமைப்பு இருக்கிறது.

திருவள்ளூர் 13.14° வட அட்சம், 79.91° கிழக்குத் தீர்க்கம். கும்மிடிப்பூண்டி 13.41° வட அட்சம், 80.11° கிழக்குத் தீர்க்கம். அட்ச வேறுபாடு 0.27 × 111 = 30 கி.மீ. தீர்க்க வேறுபாடு 0.20 × 108 = 21.6 கி.மீ. கர்ணம் 37 கி.மீ.

இரண்டு ஊர்களிலிருந்தும் சென்னைக்குப் புறநகர் ரயில்கள் ஓடுகின்றன. திருவள்ளூர் வண்டி திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் வழியாக வருகிறது. கும்மிடிப்பூண்டி வண்டி பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாக வருகிறது. இரண்டு பாதைகளும் பேசின் பாலத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. திருவள்ளூரிலிருந்து ரயிலிலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போக நினைப்பவர், மூர் மார்க்கெட் வளாகம் வரை வந்து வண்டி மாறினால் சுமார் 90 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். 90ஐ 37ஆல் வகுத்தால் 2.4. சேலம் தூத்துக்குடி விமானப் பயணத்தில் நமக்குக் கிடைத்த விகிதமும் ஏறத்தாழ இதுவே. இரண்டு இடத்திலும் காரணமும் ஒன்றே: கிளைகள் எல்லாம் ஒரு மையத்தில் வந்து சேருகின்றன, கிளைக்குக் கிளை நேர்வழி இல்லை.

சாலையில் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகச் சென்றால் 50 கி.மீ. அளவில் முடிந்துவிடும். வழியில் கொசஸ்தலையாற்றையும் ஆரணியாற்றையும் கடக்க வேண்டும். ஆறு எங்கே பாலத்தைத் தருகிறதோ அங்கேதான் சாலை கடக்க முடியும். நேர்கோட்டு 37 கி.மீ. சாலையில் 50 ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் எல்லா ஊர்களையும் நேராக இணைப்பதில்லை? இதற்கும் வகுப்பறையிலேயே விடை காணலாம். சென்னை, கோவை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி, சேலம் என்று ஆறு விமான நிலையங்களின் பெயர்களை ஆறு மாணவர்களுக்குச் சூட்டுங்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடனும் நூலால் இணைய வேண்டும் என்றால் எத்தனை நூல் வேண்டும்? 15. எல்லாரும் சென்னையுடன் மட்டும் இணைந்தால் போதும் என்றால்? 5. நிலையங்கள் 20 ஆனால் நேர் இணைப்புக்கு 190 நூல் வேண்டும். மையம் வழியே 19 போதும். ஒவ்வொரு நூலும் ஒரு விமானம், அதற்கான எரிபொருள், அதை நிரப்பும் பயணிகள். குறைவான பயணிகள் உள்ள வழிகளை மையத்துக்குத் திருப்பிவிடுவதில் சிக்கனம் இருக்கிறது. அந்தச் சிக்கனத்துக்கான விலையைச் சிற்றூர்ப் பயணி தன் நேரத்தால் கொடுக்கிறார். இருவர் பக்கமும் உள்ள நியாயத்தை எட்டாம் வகுப்பு மாணவர்கள் விவாதிக்கலாம்.

ஒரு கிலோமீட்டரும் மூன்று கிலோமீட்டரும்

இனி நம் வேலைக்கு வருவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி தொடக்கநிலைக் குழந்தைக்கு 1 கி.மீ.க்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இந்தக் கிலோமீட்டர் எது? வரைபடத்தில் பள்ளியை மையமாக வைத்து வட்டம் போட்டால் கிடைப்பது நேர்கோட்டுத் தொலைவு. குழந்தை நடப்பது அந்தக் கோட்டில் அல்ல.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஆற்றின் தென்கரையில் பள்ளி, வடகரையில் குடியிருப்பு. இடையே நேராக 0.8 கி.மீ. குடியிருப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் பாலம் 1.2 கி.மீ. மேற்கே இருக்கிறது. குழந்தை மேற்கே 1.2 கி.மீ. நடந்து, பாலத்தின் வழியே தெற்கே 0.8 கி.மீ. வந்து, மீண்டும் கிழக்கே 1.2 கி.மீ. நடக்க வேண்டும். மொத்தம் 3.2 கி.மீ. முதல் வகுப்புக் குழந்தை மணிக்கு 3 கி.மீ. நடப்பதாகக் கொண்டால், 16 நிமிட நடையாகத் தாளில் தெரிந்தது 64 நிமிட நடை ஆகிறது. போகவர இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

நம் மாவட்டத்தில் இது வெறும் கற்பனையாக நிற்பதில்லை. மழைக்காலத்தில் பூண்டி ஏரியின் உபரிநீர் திறக்கப்பட்டுக் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும்போது தரைப்பாலங்கள் மூழ்கிப்போவது இங்கே தெரிந்த செய்தி. கோடையில் 1 கி.மீ. தூரத்திலிருந்த பள்ளி, நவம்பரில் பல கி.மீ. சுற்றிப் போக வேண்டிய பள்ளியாகிறது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கம் ஆற்றின் இடத்தை ஜி.என்.டி. சாலை எடுத்துக்கொள்கிறது. கனரக லாரிகள் இடைவிடாமல் ஓடும் தேசிய நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் பள்ளி இருந்தால், 200 மீட்டர் தொலைவைக் கடக்கக் குழந்தை சுரங்கப்பாதை உள்ள இடம் வரை நடக்க வேண்டும்; இல்லையென்றால் உயிரைப் பணயம் வைத்துக் குறுக்கே ஓடும். ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்புகளுக்கும் இதே நிலைதான்.

இதைச் சட்ட விதிகள் எண்ணிப் பார்த்திருக்கின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலை இல்லாமை போன்றவற்றால் குழந்தையின் வழியில் ஆபத்து இருக்குமானால், மேற்சொன்ன தொலைவு வரம்பைக் குறைத்து, அந்த ஆபத்தைத் தவிர்க்கும் வகையில் பள்ளியை அமைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்படி ஓர் இடர் இருக்கிறது என்பதை மேலே எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? ஆறும் சாலையும் குழந்தையின் நடையும் தெரிந்தவர், அந்தப் பள்ளியின் ஆசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "குழந்தைகள் தூரத்திலிருந்து வருகிறார்கள்" என்று பேசுவதைவிட, "நேர்கோட்டில் 0.8 கி.மீ., நடைவழி 3.2 கி.மீ., நேரம் 64 நிமிடம்" என்று எழுதித் தரும் கோரிக்கைக்கு வலு அதிகம்.

வகுப்பில் செய்யத் தக்கவை

1. வகுப்பு 3 முதல் 5 வரை: மாணவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வரட்டும். முன்னோர் தொலைவை நேரத்தாலும் ஓசையாலும் சொன்னதை இங்கே நினைவூட்டலாம். 'கூப்பிடு தூரம்', 'நாழிகை வழி' ஆகியவை வழக்கில் இருந்த அளவுகள். தாத்தா, பாட்டியிடம் கேட்டு இன்னும் சில சொற்களைச் சேகரித்து வரச் சொல்லுங்கள்.

2. வகுப்பு 6: நிலவரைபட நூலிலிருந்து ஒரே தீர்க்கக்கோட்டை ஒட்டிய இரு ஊர்களைத் தேடி, அட்ச வேறுபாட்டை 111ஆல் பெருக்கித் தொலைவு காணட்டும். பிறகு வரைபட அளவுகோலால் அளந்து ஒப்பிடட்டும்.

3. வகுப்பு 7, 8: திருவள்ளூர் கும்மிடிப்பூண்டி எடுத்துக்காட்டைக் கொண்டு தொலைவு, இடப்பெயர்ச்சி இரண்டையும் வேறுபடுத்தட்டும். சராசரி வேகத்துக்கும் இதே வழி உதவும். 50 கி.மீ. சாலையில் போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது மணிக்கு 60 கி.மீ. என்றால் சராசரி வேகம் என்ன? பெரும்பாலோர் 50 என்பார்கள். போக 75 நிமிடம், வர 50 நிமிடம், மொத்தம் 125 நிமிடத்தில் 100 கி.மீ. எனவே விடை மணிக்கு 48 கி.மீ. மெதுவாகச் சென்ற பகுதியில் அதிக நேரம் கழிந்தது என்பதை மாணவர்களே கண்டு சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

4. வகுப்பு 9, 10: ஆறு விமான நிலையங்களின் அட்ச, தீர்க்க எண்களைக் கொண்டு 15 இணைகளுக்கும் நேர்கோட்டுத் தொலைவு காணட்டும். குழுவுக்கு மூன்று இணை போதும். சென்னை வழியாகச் சென்றால் வரும் தொலைவோடு ஒப்பிட்டு விகிதத்தை எழுதட்டும். எந்த இணைக்கு விகிதம் மிக அதிகம், ஏன் என்று கேளுங்கள்.

5. எல்லா வகுப்புகளுக்கும்: சிப்காட் பகுதியிலும் செங்கல் சூளைகளிலும் பணிபுரியும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். சொந்த ஊரிலிருந்து இங்கே வந்த வழியை அவர்கள் சொல்லட்டும். எத்தனை வண்டி மாறினார்கள், எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எத்தனை இரவுகள் ஆயின என்பதைக் கரும்பலகையில் எழுதி, நேர்கோட்டுத் தொலைவோடு ஒப்பிடுங்கள். தமிழ் இன்னும் சரளமாக வராத பிள்ளைக்கும் இந்தக் கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஏதேனும் இருக்கும்.

இவற்றை நடத்தும்போது ஒவ்வொரு மாணவரும் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையை நிரப்பட்டும்: நேர்கோட்டுத் தொலைவு, செல்லும் வழியின் தொலைவு, ஆகும் நேரம். முதல் வரியில் சேலம் தூத்துக்குடி, இரண்டாம் வரியில் திருவள்ளூர் கும்மிடிப்பூண்டி, மூன்றாம் வரியில் தன் வீடும் பள்ளியும். வகுப்பின் மூன்றாம் வரிகளை எல்லாம் ஒரே தாளில் தொகுத்து, நேரம் மிக அதிகமாக உள்ள பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே ஒரு குறியிட்டு, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.